ஏசியிலிருந்து வந்த நல்ல தண்ணீர்

அலுவலகத்தில் எனக்கு ‘மூணு கொட்டேஷன்’ என்று பெயர். அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். பெட்டிக்குப் பசை வாங்கினாலும் சரி, கழிவறைக்கு பினாயில் வாங்கினாலும் சரி, மூன்று இடத்தில் விலை கேட்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். கிண்டல் செய்பவர்கள் செய்துகொள்ளட்டும், இதுவரை ஒருத்தனும் ஒரு குண்டூசியைக்கூட என் தலையில் கட்டியதில்லை. இந்தப் புத்தியை வைத்துத்தான் இருபது வருடம் குடும்பமும் நடத்தினேன். அந்தப் புத்தி என் மனைவியை என்ன செய்தது என்று சொல்கிறேன்.

அவள் புவியியல் டீச்சர். இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்த நிமோனியா அவள் நுரையீரலில் தழும்பை விட்டுவிட்டுப் போனது. அன்றிலிருந்து வீட்டில் ஆக்ஸிஜன் மெஷின். ஒரு சின்ன சூட்கேஸ் உயரம், அடியில் நான்கு சக்கரம். அறைக் காற்றையே இழுத்து, அதிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். வெறும் காற்றாகப் போனால் மூக்கு காய்ந்து எரியும் என்பதால், நடுவில் தண்ணீர் ஊற்றிய ஒரு பிளாஸ்டிக் பாட்டில். காற்று அந்தத் தண்ணீருக்குள் குமிழி குமிழியாகப் புகுந்து, ஈரத்தோடு வெளியே வரும். தூங்கும்போது முழுக்க, பகலில் இரண்டு மூன்று மணி நேரம் என்று அவளுக்குக் கணக்கு.

ஒரு வருடம் பொறுத்தால் வகுப்புக்குத் திரும்பலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கேற்ற மாதிரி முதல் வருடம் தேறிக்கொண்டும் வந்தாள். மாடிப்படி ஏறினாள். பள்ளியிலும் அவள் இடத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் எல்லாம் தலைகீழாகப் போக ஆரம்பித்தது. ஏழு மாதத்துக்குள் மூன்று முறை காய்ச்சல், இரண்டு முறை ஆஸ்பத்திரிப் படுக்கை. கட்டிலிலிருந்து குளியலறைக்குப் பன்னிரண்டு அடி. நடுவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்குவாள். கடைசியாகப் போனபோது, அடுத்த வாரம் முதுகு வழியாக ஊசி விட்டு நுரையீரலில் ஒரு துளி சதை எடுத்துப் பார்க்கவேண்டும் என்றார் டாக்டர்.

“ஆபத்து இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஏன் இப்படி இறங்குதுன்னு எனக்குப் புரியல. புரியாம மருந்து கொடுத்துட்டே இருக்க முடியாது” என்றார்.

அப்புறம் வீட்டைப் பற்றிக் கேட்டார். புறா வளர்க்கிறீர்களா, சுவரில் ஈரம் இருக்கிறதா, மெத்தை எவ்வளவு பழசு. எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னேன்.

“ஏசி ரெகுலரா சர்வீஸ் பண்றீங்களா?”

“பண்றோம் சார்” என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். பேசினால் இருமல் வரும் என்று அந்த நாட்களில் அவள் நிறைய விஷயங்களைப் பார்வையோடு விட்டுவிடுவாள்.

“மெஷின் பாட்டில்ல என்ன தண்ணி ஊத்துறீங்க?”

“டிஸ்டில்ட் வாட்டர்தான் சார்.”

முதல் பதிலுக்குக் கொஞ்சம் கூசிய நாக்கு இரண்டாவதற்குக் கூசவே இல்லை. அதை நான் பொய் என்றே நினைக்கவில்லை.

உண்மை என்னவென்றால், படுக்கையறை ஏசியை வாங்கி மாட்டி மூன்று வருடம் ஆகியிருந்தது, ஒரு முறைகூட சர்வீஸ் செய்யவில்லை. வாங்கிய புதிதில் வருட ஒப்பந்தத்துக்கு மூன்று இடத்தில் விலை கேட்டேன். வந்து மூடியைத் திறந்து தண்ணீர் அடித்துவிட்டுப் போக இவ்வளவா என்று வயிறு எரிந்தது. அலுவலகத்தில் வீணான தாள் ஒன்றின் பின்பக்கத்தில் இரண்டு பத்தி போட்டேன். இந்தப் பக்கம் செலவு, அந்தப் பக்கம் பலன். பலன் பத்தியில் எழுத எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஜில்லென்று காற்று வருகிறதா, வருகிறது. சத்தம் உண்டா, இல்லை. பிறகு எதற்கு?

ஏழு மாதத்துக்கு முன்னால் கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்தார். எங்கள் ஏசிக் குழாயிலிருந்து சொட்டும் தண்ணீர் அவர் காயப்போட்ட சட்டையில் விழுகிறதாம். பால்கனியில் குழாய் வாய்க்கு ஒரு வெள்ளை கேனை வைத்தேன். மனைவி நாள் முழுக்க அந்த அறையில்தான் இருப்பாள் என்பதால் ஏசியும் நாள் முழுக்க ஓடும். சாயங்காலம் பார்த்தால் கேன் நிரம்பியிருந்தது. கண்ணாடி மாதிரித் தண்ணீர். ஒரு தூசு துரும்பு கிடையாது. இதையா இத்தனை நாள் ஊரான் சட்டைக்குத் தானம் செய்தோம் என்று மனசு அடித்துக்கொண்டது.

முதலில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றினேன். பிறகு நீராவி இஸ்திரிப் பெட்டிக்கு. ஒரு நாள் மருந்துக்கடையில் மனைவியின் பாட்டிலுக்கு டிஸ்டில்ட் வாட்டர் வாங்க வரிசையில் நிற்கும்போது பொறி தட்டியது. இதுவும் ஆவியைக் குளிரவைத்து எடுத்த தண்ணீர், அதுவும் ஆவியைக் குளிரவைத்து எடுத்த தண்ணீர். ஒன்றுக்கு விலை, ஒன்று சும்மா. வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன். அன்று வீடு வந்து சேரும்வரை எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

“இதை ஊத்தலாமாங்க?” என்று மனைவி கேட்டாள்.

“ஆறாம் கிளாஸ்ல நீதானே நடத்துறே? ஆவி மேல போகுது, குளிருது, தண்ணியா விழுது. மழை சுத்தம்னா இதுவும் சுத்தம்.”

“டீச்சருக்கே பாடமா” என்று சிரித்தாள்.

சிரித்ததால் இருமினாள். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அப்புறம் ஊற்றினேன். தினமும் ஊற்றினேன். ஞாயிற்றுக்கிழமை பாட்டிலைக் கழற்றி அதே தண்ணீரில் அலசவும் செய்தேன். குழாய்த் தண்ணீரில் அலசினால் உப்புப் படியும் இல்லையா.

டாக்டரிடம் சொன்ன பொய்யை உண்மையாக்கிவிடலாம் என்றுதான் மறுநாள் ஏசி மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். வந்தது ஒரு பெண். முப்பது வயதிருக்கும். ஏணியைத் தோளில் மாட்டி, தண்ணீர் அடிக்கும் பம்பைக் கையில் தூக்கிக்கொண்டு தனியாக வந்தாள். நான் சந்தேகமாகப் பார்த்ததைப் பார்த்து, “ஏணி என்னுதுதான் சார், இரவல் இல்லை” என்றாள். மனைவிக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது.

“அக்கா, தூசி பறக்கும். நீங்க வெளிய உட்காருங்க. கதவைச் சாத்திக்கிறேன்.”

மெஷினை ஹாலுக்கு உருட்டி, நாற்காலி போட்டு மனைவியை உட்காரவைத்தேன். மூக்கில் குழாய், பக்கத்தில் பாட்டில் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. நான் மட்டும் அறைக்குள் போய், மெக்கானிக் ஏமாற்றாமல் வேலை செய்கிறாளா என்று பார்க்க நின்றேன்.

முன்மூடியைத் திறந்து வலையை உருவினாள். சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளியே அதில் படிந்திருந்தது.

“சார், இது கடைசியா எப்போ கழட்டினது?”

“மாட்டினப்போ.”

“மாட்டறப்போ யாரும் கழட்ட மாட்டாங்க சார்.”

“கூலிங் நல்லாத்தான் இருக்கு” என்றேன்.

“இருக்கும். ஆனா ஒரு மணி நேரத்துல ஆகவேண்டிய வேலைக்கு மூணு மணி நேரம் மூச்சைப் பிடிச்சு ஓடுது. அதுக்குக் கரெண்ட் வேற தண்டம். நீங்க படுத்து இழுக்கிற காத்து இந்தக் கம்பளி வழியா வருது. சர்வீஸ்னா கூலிங் மட்டும்னு நினைச்சுக்கிறாங்க.”

இவளுக்கு இதைச் சொன்னால்தானே பிழைப்பு என்று நினைத்துக்கொண்டேன். பேச்சை மாற்றப் பால்கனிக்குக் கூட்டிக்கொண்டு போய் என் ஏற்பாட்டைக் காட்டினேன். குழாய் முனையில் புனல், புனல் வாயில் துணி, அதற்கடியில் மூடியில் ஓட்டை போட்ட கேன்.

“நல்லா செட்டப் பண்ணியிருக்கீங்களே. செடிக்கா?”

“செடியெல்லாம் எதுக்கு? பேட்டரிக்கு, இஸ்திரிப் பெட்டிக்கு. ஒரு சொட்டு வீணாக்கறதில்ல.”

மூன்றாவதை ஏன் சொல்லாமல் விட்டேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பயந்து மறைத்தேன் என்று சொல்ல முடியாது, அப்போது எனக்குப் பயமே இல்லை. வீட்டு விஷயம், வெளியாளிடம் எதற்கு என்று நினைத்திருக்கலாம்.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். காற்றைக் குளிரவைக்கும் காயிலுக்குக் கீழே இருக்கும் தண்ணீர்த் தட்டைத் திருகாணி கழற்றி எடுத்தாள். எடுத்தவள் ஏணியிலேயே ஒரு நிமிடம் நின்றாள். முகக்கவசம் போட்டிருந்ததால் முகம் தெரியவில்லை. குளியலறையில் போய்க் கழுவவேண்டும் என்று கதவைத் திறந்து தட்டை ஹால் வழியாக எடுத்துக்கொண்டு போனாள். நானும் பின்னாலேயே போனேன். மனைவியைத் தாண்டும்போது நின்று, ஏதோ வேடிக்கைப் பொருளைக் காட்டுவதுபோல் தட்டைச் சாய்த்துக் காட்டினாள்.

“பாருங்கக்கா, உங்க வீட்டுக்காரர் மூணு வருஷமா என்ன வளர்த்திருக்காருன்னு.”

தட்டு முழுக்கக் கறுப்பும் பழுப்புமாக ஜவ்வு. ஒரு விரல் கனம். கெட்டியான சளி மாதிரி. அவள் கையுறை விரலால் ஓரத்தைத் தொட்டுத் தூக்கியதும் அது நூலாக நீண்டது.

“இதென்ன?” என்றேன்.

“தூசி, முடி, உதிர்ற தோல், எல்லாம் ஈரத்தோட வந்து இதுல தங்கும். அதுல பூசணம் பிடிக்கும், கிருமி குடித்தனம் நடத்தும். காயில்ல ஊறுற தண்ணி இதுமேல ஓடித்தான் பைப்புக்கு வருது.”

“ஆனா தண்ணி கண்ணாடி மாதிரி வருதேம்மா.”

“ஜவ்வு கீழ ஒட்டிக்கும் சார், தண்ணி மேலாப்புல தெளிவா வரும். அதுக்காக நல்ல தண்ணியாயிடுமா?” என்றவள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். “பேட்டரிதானே, தாங்கும். நல்லவேளை, யாரும் குடிக்கலையே.”

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பாட்டில் பக்கம் திரும்பினேன்.

“குடிக்கல” என்றாள் என் மனைவி. மூக்குக் குழாயை ஒரு விரலால் லேசாகத் தூக்கிக் காட்டினாள். “மூக்கால இழுக்கறேன்.”

மெக்கானிக்குக்கு முதலில் புரியவில்லை. மனைவியைப் பார்த்தாள், குழாய் போகும் வழியைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள். தட்டை அப்படியே தரையில் வைத்தாள்.

“அந்தத் தண்ணியா இதுல ஊத்துறீங்க?”

மனைவி தலையை ஆட்டினாள். பாட்டில் குமிழி விட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும். அவள் மூச்சு நடக்கிறது என்று அர்த்தம்.

“சார், முதல்ல அதை நிறுத்துங்க.”

மனைவியே குழாயை மூக்கிலிருந்து எடுத்து மடியில் வைத்தாள். மெக்கானிக்தான் மெஷின் மேல் ஒட்டியிருந்த கம்பெனி எண்ணுக்குப் போன் போட்டாள். பாட்டில் இல்லாமல் நேரடியாகக் குழாயை மாட்டலாமா என்று கேட்டாள். அந்தப் பக்கம் பேசியவன் சாவகாசமாகச் சொன்னது எனக்கும் கேட்டது. “எத்தனை லிட்டர்ல ஓடுது? ரெண்டா? ரெண்டுக்குப் பாட்டிலே தேவையில்லைங்க. மூக்கு ரொம்பக் காஞ்சாத்தான்.”

பாட்டிலைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அடியில் லேசான பச்சை. அது பாட்டிலின் நிறம் என்று ஏழு மாதமாக நினைத்திருந்தேன். விரலை விட்டுத் தடவினேன். வழுக்கியது. தட்டில் இருந்த அதே வழுக்கல்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த நிலையிலும் என் பாழாய்ப்போன மண்டை கணக்குப் போட்டது. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், மாதத்துக்கு முந்நூறு, ஏழு மாதத்துக்கு இரண்டாயிரத்து நூறு மணி நேரம். நிறுத்து என்றால் நிற்கவில்லை. இரண்டாயிரத்து நூறு மணி நேரம் இந்தத் தட்டை நான் அவள் நெஞ்சுக்குள் கழுவி ஊற்றியிருக்கிறேன். எதிரி செய்திருந்தால் போலீஸுக்குப் போயிருப்பேன்.

மெக்கானிக் மிச்ச வேலையை முடித்தாள். தட்டை மூன்று முறை தேய்த்துக் கழுவினாள், கடைசியில் எனக்குக் காட்டினாள். போகும்போது மனைவியின் கையைப் பிடித்து, “நாளைக்கே டாக்டரைப் பாருங்கக்கா, அந்தப் பாட்டிலைக் கழுவாம எடுத்துட்டுப் போங்க” என்றாள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. கேட்ட தொகையைப் பேரம் பேசாமல் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் டாக்டர் மேஜையில் பாட்டிலை வைத்தேன். நான் பேச ஆரம்பித்ததும் அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார். நான் சொல்லி முடித்ததும் மனைவியின் கோப்பைப் புரட்டி, ஒரு தேதியில் விரல் வைத்தார்.

“இதை எப்போ ஊத்த ஆரம்பிச்சீங்க?”

சொன்னேன்.

“ஆறு வாரம் கழிச்சு முதல் அட்மிஷன்” என்றார். அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அதற்கடுத்த பக்கம். “நான் கேட்டேன் இல்லையா, என்ன தண்ணின்னு?”

“டிஸ்டில்ட் வாட்டர் மாதிரின்னு நினைச்சுத்தான் சார்...”

“மாதிரி” என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு என்னை விட்டுவிட்டு மனைவியிடமே பேசினார். ஊசி இப்போதைக்கு வேண்டாம். பாட்டிலைச் சோதனைக்கு அனுப்புகிறேன், மருந்தை மாற்றுகிறேன், ஆறு வாரம் பார்ப்போம். நுரையீரல் வீக்கம் வடிந்தால் மூச்சு கொஞ்சம் திரும்பும்.

“முழுசா?” என்று மனைவி கேட்டாள்.

“பழைய தழும்பு மேல புதுசா விழுந்திருக்கும்மா. விழுந்தது விழுந்ததுதான்.”

“பள்ளிக்கூடம் திறக்க ரெண்டு மாசம் இருக்கு.”

டாக்டர் கோப்பை மூடினார். “முக்கால் மணி நேரம் நின்னு பேசற வேலை இனி வேண்டாம்” என்றார். “வேற எதாவது, உட்கார்ந்து செய்யற மாதிரி.”

அவள் தலையை ஆட்டினாள். புடவைத் தலைப்பை இழுத்து மடியில் வைத்து மடிக்க ஆரம்பித்தாள். மடித்து முடித்தும் மறுபடி பிரித்து மடித்தாள். எனக்கு அங்கேயே செத்துப்போகலாம் போலிருந்தது.

டாக்டர் பாட்டில் மூடியைத் திறந்து மோந்து, சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். “இவ்வளவு வாசனை வருதேம்மா. உங்களுக்குத் தெரியலையா?”

“தெரிஞ்சுது” என்றாள். “ஈரத்துணி நாள்பட்ட மாதிரி.”

“யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே.”

“சொன்னேன் டாக்டர்.”

யாரிடம் என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆமாம், அந்த நேரத்திலும் வந்தது. செய்த பாவம் போதாதா, செய்யாததையும் நான் சுமக்கவேண்டுமா என்று இருந்தது. மருந்துக்கடை வாசலில் அவளைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு எதிரே நின்றேன்.

“டாக்டர்கிட்ட ஏன் அப்படிச் சொன்னே? நீ எங்கிட்ட வாசனையைப் பத்திச் சொல்லவே இல்லை.”

அவளுக்குக் கோபம் வரவில்லை. மூச்சைச் சேர்த்துக்கொண்டு மெதுவாகப் பேசினாள்.

“மூணு தடவை சொன்னேங்க. முதல் தடவை நீங்க பேப்பர் படிச்சுட்டு இருந்தீங்க, புது பிளாஸ்டிக் அப்படித்தான் இருக்கும்னீங்க. ரெண்டாவது தடவை ஆஸ்பத்திரியிலேருந்து வந்த அன்னைக்கு. வாசனையே இல்லாத தண்ணிக்கு வாசனையான்னு சிரிச்சீங்க. மூணாவது தடவை பாட்டிலைக் கழட்டி உங்க மூக்குக்கிட்டயே பிடிச்சேன். மோந்து பார்த்துட்டு, ஒண்ணுமில்ல, உன் பிரமைன்னுட்டு, நீங்களே திரும்ப மாட்டிவிட்டுப் போனீங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் எனக்கே பழகிப்போச்சு.”

மருந்துச் சீட்டு என் கையில் இருந்தது. அதை உள்ளே கொடுக்கவேண்டும் என்பதுகூட மறந்து நின்றேன். பேப்பர், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள், மூக்குக்குப் பக்கத்தில் பாட்டில். பத்து வருடத்துக்கு முன்னால் எந்தக் கடைக்காரன் பசைக்கு என்ன விலை சொன்னான் என்று இன்றும் என்னால் சொல்ல முடியும். அவள் சொன்ன மூன்றில் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை.